தளர்ந்த நாளின் முயற்சி

உடலைப் பேணும் பழக்கத்தைத் தொடங்குவது எவர்க்கும் எளிது. ஆண்டின் முதல் வாரத்திலோ, சர்க்கரை நோய் என்று மருத்துவர் கூறிய மறுநாளிலோ, பெங்களூரின் லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் அல்சூர் ஏரிக்கரையிலும் புதிதாக நடக்க வருவோர் பலர். சில திங்கள் கழித்தும் வருவோர் சிலரே. மழை பெய்தது, வேலை மிகுந்தது, மனம் ஒப்பவில்லை எனக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். மனம் ஒப்பாத நாளில் மனிதன் செய்யத்தக்கது யாது? ஊக்கம் மீண்டும் பிறக்கும்வரை காத்திருப்பதா? தன்னைத் தானே கடிந்து வருத்திக்கொள்வதா? இவ்விரண்டும் அல்லாத வழியொன்று உண்டா? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

உடல் நிலையற்றது என்று கற்றவர்கள் அதன்பொருட்டு ஏன் உழைத்தல் வேண்டும் என்று ஐயுறுவோர் உளர். வினயபிடகத்திலேயே இதற்கு விடை உண்டு. வைசாலி நகரில் உபாசகர்கள் முறைவைத்து அளித்த சுவைமிக்க விருந்துகளை உண்டு பிக்குகள் பலர் உடல் பருத்து நோயுற்றனர். அதனைக் கண்ட மருத்துவர் சீவகர், பிக்குகளுக்கு நடைபயிலும் இடமும் உடல் வியர்க்கும் வெப்ப அறையும் வேண்டுமென்று பகவான் புத்தரிடம் விண்ணப்பித்தார். பகவான் அவ்விரண்டையும் அனுமதித்தார். நடைபயில்வதால் விளையும் நன்மைகள் ஐந்தினையும் அவர் பிறிதோரிடத்தில் எடுத்துரைத்துள்ளார்: நெடுவழி செல்லும் வன்மை, முயற்சிக்குரிய வன்மை, நோய் குறைதல், உண்டது செரித்தல், நெடிது நிற்கும் மன ஒருமை என்பன அவை.

எண்வழி மார்க்கத்தின் ஆறாம் உறுப்பாகிய நன்முயற்சியைப் பாலி மொழியில் சம்மா வாயாமம் என்பர். வாயாமம் என்பது வடமொழியில் வியாயாமம். உடற்பயிற்சியைக் குறிக்க இந்நாட்டு மக்கள் வழங்கும் சொல்லும் அதுவே. பேராசிரியர் கே. வி. ஐயர் பெங்களூரில் நடத்திய பயிற்சிக்கூடமும் வியாயாமசாலை என்றே பெயர் பெற்றது. அவர் உடற்பயிற்சி நூல்கள் எழுதியதுடன், அஞ்சல் வழியாகவும் பாடங்கள் அனுப்பிவந்தார். அஞ்சலில் பாடம் பெறும் மாணவனருகே ஆசிரியர் நிற்பதில்லை. விடியலில் எழுவதா, போர்வையை இழுத்துக்கொள்வதா என்பதை அவனே முடிவு செய்தல் வேண்டும்.

இன்று நம்மவரின் நிலையும் அதுவே. கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் ஆலைச் சங்கு ஊதக்கேட்டு எழுந்தனர். அவர்தம் உடலை அசைத்தது கூலியின் கட்டாயம். அவ்வுடல் தேய்ந்தது பிறர் ஆதாயத்திற்காக. 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்தம் மக்களும் பேரரும் பலர் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் வந்து பணிசெய்து இரவில் வீடு திரும்புகின்றனர். நாற்காலியில் அமர்ந்து நாள் முழுதும் உழைப்போர் அவருள் உண்டு. தம் உடலைத் தம் நன்மைக்காகத் தம் விருப்பத்தால் பேணும் உரிமை முன்னோர்க்கு எளிதில் வாய்த்ததன்று. அவ்வுரிமையை நாளுக்கொரு நிறங்கொள்ளும் மனநிலையிடம் ஒப்படைத்தால், சுரங்க மேஸ்திரி போய் மனமென்னும் மேஸ்திரி வந்தமர்ந்தான் என்றே கொள்ளல் வேண்டும்.

இம்மேஸ்திரி சொல்லும் சாக்குகளைப் பகவான் எட்டாக வகுத்துக் காட்டினார். வேலை செய்ய வேண்டியிருக்கிறது, வேலை செய்து களைத்தேன், பயணம் செல்லவேண்டும், பயணம் சென்று வந்தேன், உணவு போதவில்லை, உணவு மிகுந்து உடல் கனத்தது, சிறிது நோயுற்றேன், நோயினின்று இப்போதுதான் எழுந்தேன். சோம்பலுடையோன் இவ்வெட்டிலும் படுத்துக்கொள்கிறான். முயற்சியுடையோனுக்கும் நேர்வன இதே எட்டுத்தாம். வேலை வருமுன்னே இயன்றதைச் செய்துவிடுவேன் என்று அவன் எழுகிறான். நிலைமை இருவர்க்கும் ஒன்றே, முடிவு வேறு. காய்ச்சலும் நெஞ்சுநோவும் உள்ளபோது மருத்துவர் சொல்லையே கேட்டல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

இனி, மிகைமுயற்சியின் தீங்கைக் காண்போம். செல்வக்குடியில் பிறந்த சோணர் துறவுபூண்டு, உள்ளங்கால் வெடித்துக் குருதி ஒழுகுமளவும் நடைபயின்றார். பயன் காணாமையால், வீடு திரும்பிவிடலாம் என்று எண்ணினார். வீணை வாசிப்பில் தேர்ந்த அவரிடம் பகவான், நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்குமோ என்று வினவினார். ஈண்டு நோக்கத்தக்கது, முயற்சியைக் கைவிடும் எண்ணம் சோம்பலிலிருந்து பிறவாமல் மிகைமுயற்சியிலிருந்து பிறந்தது என்பதாம். முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடியவன் மூன்றாம் வாரத்தில் நிற்பதற்கும் காரணம் இதுவே. ஆகவே, தளர்ந்த நாளிலும் செய்ய இயலும் சிற்றளவு ஒன்றை முன்னரே வகுத்துக்கொள்க. பத்து நிமிட நடையாயினும் அது போதும்.

துணையும் வேண்டும். கோசல மன்னன் பசேனதி பெருமளவு சோறுண்டு மூச்சு வாங்க வந்தபோது, அளவறிந்து உண்பதைப் பற்றிப் பகவான் ஒரு பாட்டுரைத்தார். மன்னன் சுதர்சனன் என்னும் இளைஞனை அதனைக் கற்று, தான் உண்ணுந்தோறும் சொல்லுமாறு பணித்து, அதற்கு ஊதியமும் அளித்தான். படிப்படியே அவன் உணவு ஒரு நாழி அரிசிச் சோற்றளவில் வந்து நின்றது, உடலும் இலேசாயிற்று. தன் மனவுறுதி எப்போதும் விழித்திருக்கும் என்று அரசனே நம்பவில்லை. நாம் நம்மோடு நடக்க ஓர் அண்டைவீட்டாரை அழைப்பதில் நாணம் என்ன?

ஒருநாள் தவறினால்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரின் பழக்கங்களை ஆராய்ந்து 2010-இல் முடிவினை வெளியிட்டனர். புதுப்பழக்கம் ஊன்றுவதற்கு 66 நாள் அளவு ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணித்தனர். ஒருநாள் தவறியதால் பழக்கம் ஊன்றுவது குறிப்பிடத்தக்க அளவில் கெடவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. கெடுப்பது தவறிய நாளன்று. எல்லாம் போயிற்று என்று அதன் மறுநாளும் படுத்திருக்கும் எண்ணமே.

ஊக்கம் என்னும் உணர்ச்சி அநித்தியம். அது போவதில் வியப்பில்லை, பழியுமில்லை. தளர்ச்சியும் அவ்வாறே அநித்தியம். இரண்டையும் வந்துபோகும் விருந்தினராகக் கண்டு, வகுத்த சிற்றளவைச் செய்து முடிப்பதே வீரியம். உடலளவில் தனக்குத் தான் கொடுத்த சிறு வாக்கைக் காக்கப் பழகியவனுக்குப் பஞ்சசீலத்தைக் காக்கும் வலிமையும் வளரும். ஆதலின் அன்பர்களே, நாளை விடியலில் மனம் யாது சொல்லினும் கேட்டுக்கொள்க. கேட்டுக்கொண்டே எழுந்து நடக்க.