கேலிச் சொல்லும் நல்வாக்கும்

பலர் கூடிப் பணிபுரியும் இடத்தில் ஒருவனுக்கு ஒரு பெண்ணின்பால் விருப்பம் அரும்புவது உலகியல்பு. அதனைக் குற்றமென்று நாம் கூறோம். ஆனால் உடன் உழைப்போன் ஒருவன் அதனைக் குறிப்பாலறிந்து, நாள்தோறும் பலர் முன்னிலையில் எடுத்துரைத்து நகையாடுவானாயின், கேலிக்கு உள்ளானவன் என் செய்தல் வேண்டும்? இது அற்ப விஷயமென்று தோன்றலாம். இதனால் ஒரு பெண்ணின் பிழைப்பே கெட்டதை நாம் அறிவோம்.

நாம் இளமையில் பாலக்காட்டுப் பக்கத்து நூற்பாலையொன்றில் உழைத்து வந்தோம். வைண்டிங் பகுதியில் வேலை பார்த்த ஒரு பெண்மீது நமக்கு விருப்பம் இருந்தது. அவரிடம் ஒரு சொல்லும் பேசினோமில்லை. நம்மோடு ரிங் பிரேமில் நின்ற தோழர் இதனைக் கண்டுகொண்டார். ஷிப்டு மாறும் வேளையில் அப்பெண் வரும்போதெல்லாம், "மாப்ளே, உன் ஆளு வருது பார்" என்று எந்திர இரைச்சலையும் மீறிக் கூவுவார். நாம் தலைகுனிந்து சிரித்தோம். உண்மையைச் சொன்னால், உள்ளூர மகிழ்ந்தோம். அச்சிரிப்பே அக்கேலிக்கு எண்ணெயாயிற்று. சில நாட்களில் பேச்சு அவர் வீட்டாரின் செவிக்கு எட்ட, அவரை வேலைக்கு அனுப்பாது நிறுத்திவிட்டனர். நம் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அவர் கூலியோ முழுதும் போயிற்று.

வேடிக்கைக்காகவும் பொய் பேசலாகாதென்று பகவன் புத்தர் ராகுலனுக்கு அறிவுறுத்தினார். அவ்வறிவுரையை அசோக மன்னர் தம் கல்வெட்டொன்றிலும் பெயர் சுட்டிக் குறித்துள்ளார். "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது தம்மத்தில் விலக்கு ஆகாது. ஒருவன் மனத்தில் மறைந்துள்ளதை அவன் இசைவின்றி எடுத்து வீசுதலும் கொடாததை எடுத்தலே என்பது நம் கருத்து.

அங்ஙனமாயின் பொறுமையே போதுமா? தம்மை வைத அந்தணன் ஒருவனிடம் பகவன், விருந்தினர் ஏற்காத உணவு படைத்தவனுக்கே உரியதாகும்; அதுபோல் ஏற்காத வசையும் உரைத்தவனையே சேருமென்று உணர்த்தினார். நம்மேல் எறிந்த சொல்லை நாம் ஏற்காதிருக்கலாம். ஆனால் அங்கு இல்லாத மற்றொருவர்மேல் விழுந்த சொல்லை நம் மௌனம் எவ்வாறு தடுக்கும்? தனக்கு நேர்ந்த தீங்கைப் பொறுத்தல் க்ஷாந்தி. பிறர்க்கு நேரும் தீங்கைப் பொறுத்தல் கோழைமை.

அச்சொல் எவ்வளவு தூரம் செல்லுமென்பதற்கு இடுக்கி மலையே சான்று. 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர், 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, 20 சதவீத போனசும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலிக்குப் பதில் 500 ரூபாயும் கேட்டுப் போராடினர். போனஸ் கோரிக்கையில் வென்றனர். 2017 ஏப்ரலில் மாநில அமைச்சர் ஒருவர் மேடையில், அப்போராட்ட நாட்களைக் காட்டி அவர்தம் ஒழுக்கத்தை இழித்துப் பேசினாரென்று, அப்பெண்கள் மூணாறு வீதியில் அமர நேர்ந்தது. கூலி கேட்ட பெண்ணுக்கும் கூலிக்கு வந்த பெண்ணுக்கும் விழும் அடி ஒன்றே.

ஆகையால், கேலி எழும்போது முதலாவது செய்ய வேண்டுவது சிரியாதிருத்தல். இரண்டாவது, பலர் முன் சண்டையிடாது, அவனைத் தனியே கண்டு, "என்னைச் சொல்வது போகட்டும், அந்தப் பெண் பிழைப்புக்கு வருகிறவர், அவர் பேரை இனி எடுக்காதே" என்று சொல்லுதல். உண்மையும் பயனும் உடையதை உரிய காலமறிந்து கூறுவதே நல்வாக்கு. அதற்கும் அடங்கானாயின், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள பணியிடங்களில் பெண்களின் முறையீட்டைக் கேட்கக் குழு இருத்தல் வேண்டும். அப்பெண் முறையிட விரும்பினால் நாம் சாட்சி நிற்றல் வேண்டும். அவரைக் கேளாமல் அவர் பொருட்டு வழக்காடுதல் மற்றொரு கேலியாய் முடியும்.

பல்லாண்டு கழித்து அத்தோழரை வாளையாற்றில் கண்டு இதனைச் சொன்னோம். "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று வருந்தினார். நாமும் விளையாட்டுக்குத்தானே சிரித்தோம்! அந்த அம்மையார் இப்போது எங்குள்ளாரென்பதை இருவரும் அறியோம். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பும் நமக்கில்லை. உங்களுக்கோ நாளைய ஷிப்டு இருக்கிறது.