கடந்தது கட்டாயமா?

நடந்து முடிந்த உண்மை எதுவும் மாறாது. இயலக்கூடியதிலிருந்து இயலாதது பிறக்காது. இப்போதும் இல்லாத, இனியும் நிகழப்போகாத ஒன்றும் இயலக்கூடியதே. இம்மூன்றும் ஒருங்கே மெய்யாகா என்று நிறுவ முயன்றவர் கிரேக்கத் தருக்கவாணர் டியோடோரஸ் குரோனஸ். மூன்றாவதை அவர் கைவிட்டார். ஸ்டோயிக் மெய்யியலாளர்களில் கிரிசிப்பஸ் இரண்டாவதையும் கிளியாந்தஸ் முதலாவதையும் மறுத்தனர். பின்வந்த ஸ்டோயிக் மெய்யியலாளர் எபிக்டெட்டஸ் தரும் செய்தி இது.

முடிச்சு உண்மையில் முதற்கூற்றில்தான் இருக்கிறது. ‘நாளை போர் மூளும் என்பது நேற்றே உண்மை’ என்னும் வாக்கியம் வடிவத்தில் மட்டுமே இறந்தகாலம். அதன் மெய்ம்மை நாளையைச் சார்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் ஓக்கம் வில்லியம் இந்த வேறுபாட்டை அழுத்தமாக முன்வைத்தார். இறைவனின் முன்னறிவையும் மனிதனின் சுதந்திரத்தையும் ஒருசேர ஏற்க அவருக்கு வழிவிட்டது இதுவே.