காளான் சைவமா?

இடி மழைக்குப் பின் கரையான் புற்றருகே முளைக்கும் புற்றுக் காளான், பார்வைக்குச் செடிபோலத் தோன்றும். அடி மண்ணைத் தோண்டினால் அதன் தண்டு வேர்போல நீண்டு, கரையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை இறங்குவதைக் காணலாம். மேலே விரியும் குடை, வித்துத்தூளை உதிர்க்கச் சில நாள் மட்டும் வெளிவரும் உறுப்பு. உடல் என்பது உள்ளே நூல்நூலாகப் பரவிய பூஞ்சை இழைகளே.

'இது சைவமா, அசைவமா?' என்ற கேள்வி, உயிர்கள் எல்லாம் செடி அல்லது விலங்கு என்ற இருகூறு பிரிவிலிருந்து எழுவது. 1753இல் உயிரியல் வகைப்பாட்டாளர் லின்னேயஸ் காளானைத் தாவரங்களோடு சேர்த்தார். ஆனால் அதற்குப் பச்சையம் இல்லை. மட்கும் பொருளின்மேல் செரிமான நீரைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சி வாழ்கிறது. அதன் செல்சுவரில் இருப்பது இறால் ஓட்டில் உள்ள கைட்டின். 1969இல் சூழலியலாளர் விட்டேக்கர் பூஞ்சைகளைத் தனி உலகமாக வகுத்தார். தாவரங்களைவிட விலங்குகளுக்கே அவை நெருங்கிய உறவு என்பதைப் பின்னர் மூலக்கூறு ஆய்வுகள் காட்டின. எனினும் உறவு நெருக்கத்தால் காளான் இறைச்சியாகிவிடாது. அதற்கு நரம்போ மூளையோ கிடையாது.

மரபுகள் இந்தக் கேள்வியை வெவ்வேறு அளவுகோல்களால் அணுகின. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. தொடுவுணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் அதில் முதற்படி. கண்ணும் செவியும் இல்லாத காளானுக்கும் அந்தப் படியே பொருந்தும். மனுதர்ம சாத்திரத்தின் 5ஆம் அத்தியாயம் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் இருபிறப்பாளர் எனப்படும் முதல் மூன்று வருணத்தாருக்கு விலக்குகிறது. அங்கே அளவுகோல் கொலை அன்று, தூய்மை. ஓருடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் உறைகின்றன என்று கருதிச் சமணர் காளானைத் தவிர்க்கின்றனர்.

தூய்மை பற்றிய தயக்கத்திற்கு வேர், காளான் அழுகலில் முளைப்பது. புறநானூற்றின் 164ஆம் பாடல், சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததைச் சொல்லி வறுமையைக் காட்டுகிறது. ஆம்பி என்பது காளானின் பழம்பெயர். ஆனால் காளான் அழுக்கின் விளைவு அன்று. விழுந்த மரத்தையும் சருகையும் சிதைத்து, அடுத்த செடிக்கு உரமாக்கும் வேலையைச் செய்வது அதுவே. அந்த வேலை நின்றால் காட்டின் தரை மட்காத மரத்தால் நிறையும்.

கொல்லாமை நோக்கில் எஞ்சுவது 'ஓர் உயிர்' எது என்னும் கேள்வி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காடு ஒன்றில் தேன் காளான் வகையின் ஒரே இழைத்தொகுதி சுமார் 965 ஹெக்டேர் பரவியுள்ளது. அதன் மேல் முளைக்கும் ஒரு குடையைப் பறிப்பது மரத்தை வெட்டுவதற்கு அல்ல, மாங்காய் பறிப்பதற்கே ஒப்பாகும். சுவிட்சர்லாந்தில் 1975 முதல் 2003 வரை நடந்த ஆய்வில், பறித்ததால் பின்வந்த விளைச்சல் குறையவில்லை. காலால் மிதிபட்ட இடங்களில்தான் குடைகள் குறைந்தன.

ஆகவே துன்பம் தராமையை அளவுகோலாகக் கொள்பவருக்குக் காளான் ஏற்கத்தக்க உணவு. தூய்மையையோ நுண்ணுயிர்க் காப்பையோ கொள்பவர் விலக்குவதற்கும் அவரவர் மரபில் காரணம் உண்டு. யாராயினும் காட்டுக் காளானை நன்கறிந்தவர் உறுதி செய்யாமல் உண்ணலாகாது. சில நச்சுக் காளான்களின் நஞ்சு சமைத்தாலும் அழியாது.