நாக்கு ஓதுகிறது, மனம் கடையில் இருக்கிறது



ரமலான் முடிந்து ஷவ்வால் பாதி ஆனதும் வாலிபர்கள் சிலர் வந்து கேட்பார்கள்: "ஹஜ்ரத், தினமும் திக்ர் செய்ய உட்காருகிறேன். நாக்கு சுப்ஹானல்லாஹ் சொல்கிறது, மனசு கடையில் கணக்குப் பார்க்கிறது. இது அல்லாஹ்வை ஏமாற்றுவது ஆகாதா? மனசு ஒன்றும்போது மட்டும் ஓதிக்கொள்கிறேனே?"

இப்படிக் கேட்பவர் சோம்பேறி அல்ல. உள்ளொன்று வெளியொன்றாக இருக்கப் பயப்படும் ஈமான்தான் அவரைக் கேட்க வைக்கிறது. ஆனால் அந்த நல்ல பயத்தின் வழியாகவே ஷைத்தானும் உள்ளே வருகிறான். மனம் வரட்டும் என்று திக்ரை நிறுத்தியவரிடம் அடுத்த ரஜபில் கேட்டுப் பாருங்கள். தஸ்பீஹ் மணி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அவருக்கு நினைவிருக்காது.

ஹிஜ்ரி 709-ல் கெய்ரோவில் வஃபாத்தான இமாம் இப்னு அதாவுல்லாஹ் இஸ்கந்தரி (ரஹ்) அவர்கள் தமது 'ஹிகம்' நூலில் இதையே பேசுகிறார்கள். அதன் கருத்து இதுதான்: மனம் ஒன்றவில்லை என்று திக்ரை விட்டுவிடாதே. திக்ரில் மறதியாக இருப்பதைவிட, திக்ரே இல்லாமல் மறந்திருப்பது மோசமானது. மறதியோடு ஆரம்பித்தவனையும் அல்லாஹ் விழிப்புக்கு உயர்த்தக்கூடும்.

ஆக, நாக்கு முதலில் போய் வாசலில் காத்திருக்கிறது. மனம் பிந்தி வருகிறது.

புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு சம்பவத்தைக் கவனியுங்கள். திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள், வேலைக்கு ஓர் ஆள் கேட்டுத் தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் அங்கே இல்லை. செய்தி அறிந்து இரவில் அவர்களே மகள் வீட்டுக்கு வந்தபோது தம்பதியர் படுத்துவிட்டிருந்தார்கள். வேலையாள் தரவில்லை, அதைவிடச் சிறந்தது என்று சொல்லி, படுக்கும்போது ஓத 33 சுப்ஹானல்லாஹ், 33 அல்ஹம்துலில்லாஹ், 34 அல்லாஹு அக்பர் கற்றுத் தந்தார்கள். களைத்துப்போனவர்களுக்குத் தரப்பட்ட அமல் இது! அதற்குத் தனி அறை வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். எப்படியும் தினமும் படுக்கத்தானே போகிறோம். அதோடு இது ஒட்டிக்கொள்கிறது.

அன்றிலிருந்து இதை விட்டதே இல்லை என்று அலீ (ரலி) அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். "ஸிஃப்பீன் இரவிலுமா?" என்று கேட்கப்பட்டது. அன்றும் விடவில்லை என்றார்கள். ஹிஜ்ரி 37, யூப்ரடீஸ் நதிக்கரை, இரு பக்கமும் கலிமா சொன்னவர்களின் ஜனாஸாக்கள். அந்த இரவில் அவர்களின் உள்ளம் எப்படி இருந்தது என்று அந்த அறிவிப்பில் இல்லை. விடவில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது.

அளவை மட்டும் ஆசைப்பட்டுக் கூட்டாதீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வாலிபத்தில் நோன்பையும் ஓதுதலையும் கூட்டிக் கூட்டிக் கேட்டு வாங்கினார்கள். முதுமை வந்தபோது, நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். ஏங்கினார்களே தவிர, ஏற்றதை விடவில்லை.

ஒரு நாள் தவறிவிட்டால்? இரவு வழமையை விட்டுத் தூங்கிவிட்டவர் ஃபஜ்ருக்கும் ளுஹருக்கும் இடையில் ஓதினால், இரவிலேயே ஓதியதாக எழுதப்படும் என்று உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. நம்மவர்களோ ஒரு நாள் விட்டதும் "போச்சு" என்று மொத்தத்தையும் விடுகிறார்கள்.

உம்ராவிலிருந்து வாங்கிவரும் அந்த விரல் மிஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹராம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆயிரத்தைத் தொட வேண்டும் என்று வார்த்தையை விழுங்கி ஓதுபவரைப் பார்த்தால், பத்து போதுமே, நிறுத்தி ஓதுங்களேன் என்று சொல்லத் தோன்றுகிறது. பழக்கமாகிவிட்டது, இனி மனம் வராவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுவதும் சரியல்ல. மனம் கடைக்குப் போனது தெரிந்தால் அழைத்து வாருங்கள். பத்து முறை போனால் பத்து முறையும்.

எத்தனை நாளில் ஒன்றும் என்றும் கேட்கிறார்கள். அதற்கு நாள் குறிக்க என்னால் முடியாது. உள்ளங்கள் அல்லாஹ்வின் கையில் உள்ளன. இன்றிரவு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, விரலை மடக்கி முதல் 33-ஐ ஆரம்பியுங்கள்.

அலுப்போடு ஓதியதையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.