இரண்டாம் முறை வந்த தூதர்



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் கிடக்கிறார். கார்மேல் மலையில் பாகாலின் 450 பொய்வாக்கினரைத் தனி ஆளாக எதிர்த்து நின்றவர்தான் இவர். இப்போது தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரைக் கெஞ்சுகிறார். தூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். இந்த இடத்தில் நாங்கள், குருக்கள், வழக்கமாக நற்கருணைக்குத் தாவிவிடுவோம். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். சாப்பிட்ட எலியா எழுந்து நடக்கவில்லை. மறுபடியும் படுத்துக்கொண்டார்.

எலியாவுக்கு என்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் படுக்கையை நம் வீடுகளில் பார்க்கிறோம். 2023-இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வு, மலேசியாவில் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்றது. 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்தது 4.6 ஆகிவிட்டது. இந்த எண்ணிக்கை நம் கோயில் வாசலோடு நின்றுவிடாது.

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தூக்கம் வருகிறது ஃபாதர், சாப்பிடுகிறேன், அழுகை நின்றுவிட்டது. ஆனால் குளிக்கக்கூட மனம் வரவில்லை. வீட்டில் உள்ளவர்களோ, மருந்துதான் சாப்பிடுகிறாயே, இன்னும் ஏன் படுத்துக் கிடக்கிறாய் என்று கேட்கிறார்கள். சோம்பேறி என்ற பட்டமும் வந்துவிடுகிறது. இந்த மருந்துகள் முதல் மாத்திரையிலேயே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும். முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். தூக்கமும் பசியும் முன்னால் வந்துவிட, ஊக்கம் பின்தங்கி வருவது பலருக்கு நடப்பதுதான்.

ஊக்கம் வராமலே போனால்? அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம், மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். சிலருக்கு மருந்தே உணர்ச்சிகளை மழுங்கச் செய்வதுண்டு. தைராய்டு குறைவோ இரத்தச் சோகையோ ஒளிந்திருக்கலாம். வயதானவர்களுக்கு இந்த மருந்துகளால் இரத்தத்தில் உப்புச்சத்து குறையக்கூடும் என்பதால் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இளைஞர்களைத் தொடக்க வாரங்களில் வீட்டார் கூர்ந்து கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அடுத்த தவணைக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 15555 என்ற அரசாங்க உதவி எண்ணையும் அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023-இல் நம் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நன்றாகிவிட்டதும் நிறுத்திவிடுபவர்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய் வந்தேன், இனி மாத்திரை வேண்டாம் என்பார்கள். அன்னம்மாள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம், நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ மருந்தைத் தொடர டாக்டர்கள் சொல்கிறார்கள். சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். அதைப் பார்த்து, மருந்துக்கு அடிமையாகிவிட்டேன் என்று பயப்படுகிறார்கள். அது போதைப் பழக்கம் அல்ல. அதற்காகத்தான் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள்: நோயில் ஆண்டவரிடம் மன்றாடச் சொல்லும் அதே பகுதி, மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. செபமா மாத்திரையா என்று நாம்தான் சண்டை மூட்டுகிறோம்.

வெட்கம் ஒரு பெரிய தடை. சிறு வயதில் நாம் எல்லாரும் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று ஒருவரையொருவர் கேலி செய்தோம். பேராக்கில் 1911-இல் திறந்த அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் நம் வாயில் வசவாகிவிட்டது. புனிதர்களின் வீட்டையும் இந்த வெட்கம் விடவில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின், பிரான்சில் கான் நகர மனநல மருத்துவமனையில் 1889 முதல் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார். மகள் கன்னியர் மடத்துக்குப் போனதால்தான் இப்படி ஆனார் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு தெரேசாவை வாட்டியது. 2015-இல் திருச்சபை லூயியைப் புனிதராக அறிவித்தது. அந்த மூன்று ஆண்டுகளை அவர் வாழ்க்கையிலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை.

எலியாவிடம் திரும்புவோம். மீண்டும் படுத்தவரைத் தூதர் திட்டவில்லை. இரண்டாம் முறை வந்து தொட்டு, வழி நீண்டது என்பதைச் சொல்லி, அதே உணவைக் கொடுத்தார். அதன் பிறகுதான் ஓரேபு மலை வரை நாற்பது நாள் நடை. அந்த மலையிலும் கடவுள் அவரிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார். எலியாவும் அதே பதிலை அச்சு மாறாமல் இரண்டு முறை சொல்கிறார். நடந்து வந்த பிறகும் குறை தீரவில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு தவணையிலும் மனச்சோர்வை அளக்க அதே ஒன்பது கேள்விகளைக் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். உண்மையான பதிலைச் சொல்லுங்கள், போன முறை சொன்னதே ஆனாலும். கடவுள் எலியாவுக்கு வேலை கொடுத்தார், கூடவே துணையாக நடக்க எலிசாவையும் காட்டினார்.

எலிசாவாக இருப்பது நம் அன்பியங்களுக்கு முடியாத காரியமில்லை. கிளினிக் கெசிஹாத்தானில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்; ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு செமினியிலிருந்து காலை ஏழு மணிக்கு அங்கே போய்ச் சேருவதுதான் மலை. மருந்து தீரும் முன் நினைவுபடுத்த ஒருவர், கூட்டிப் போக ஒரு கார், வரிசையில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள். திருப்பலி முடிந்ததும் நான் வாசலில் நிற்கிறேன். கார் தர முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள். கார் வேண்டியவர்கள் எனக்கு வாட்சாப் செய்தால் போதும், காரணம் எழுத வேண்டாம்.