வடிகட்டிக் குடிக்கும் நாம் வடிகாலில் விடுவது என்ன?

 

சேலத்திற்குக் கிழக்கே அமைந்துள்ள ஊர் அயோத்தியாப்பட்டணம். அவ்வூரார் தம் ஊர்ப்பெயரைக் கோதண்டராமர் கோயிலோடு இணைத்து வழங்குவர். அயோத்தி என்னும் சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் ஜைனராகிய நம் நெஞ்சில் தோன்றுபவர் ஆதிபகவன் ஆவார். விருஷபதேவர் முதலாக ஐந்து தீர்த்தங்கரர்கள் அவதரித்த திருத்தலம் அயோத்தி என்பது நம் மரபு. உழவு, வாணிகம், சிற்பம் முதலிய அறுதொழில்களை உலகிற்குக் கற்பித்தவரும் விருஷபதேவரே. இல்லறத்தானுக்கு அவர் தொழிலைத் தந்தார். தொழிலோடு கவனத்தையும் தந்தார். அக்கவனம் நம் வீட்டுக் குளியலறையிலும் சமையற்கட்டிலும் எந்த அளவிற்கு நிற்கிறது என்பதை இங்குச் சிந்திப்போம்.

நீரை வடிகட்டாமல் பருகலாகாது என்பது நம் இல்லங்களில் குழந்தையும் அறிந்த ஒழுக்கம். தடித்த துணியை இரண்டாக மடித்து நீரை வடிப்பதோடு நம் முன்னோர் நின்றாரல்லர். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மாளாதிருக்க, அத்துணியைத் திருப்பி நீர் வார்த்து, எடுத்த கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பித்தனர். கண்ணுக்குப் புலனாகாத உயிரையும் அதன் இருப்பிடத்தில் கொண்டு விட்ட குலம் நம்முடையது.

இத்துணைப் பரிவோடு வீட்டிற்குள் கொண்டுவந்த நீரை எவ்வாறு வெளியே அனுப்புகிறோம்? கழிப்பறைக்கு ஆசிட், தரைக்குப் பினாயில், சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர், துணிக்குச் சலவைத்தூள் எனக் கலந்து அனுப்புகிறோம். வாயிலில் காத்த அகிம்சையை வடிகாலில் இழக்கிறோம்.

கவனமின்மையால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. சமைத்தல், பெருக்கல், கழுவுதல் ஆகிய வீட்டு வேலைகளால் நேரும் ஆரம்ப இம்சையை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது. தவிர்க்க இயலாததைக் குறைக்க வேண்டும் என்பதே அவனுக்கு விதித்த அறம். துறவியர்க்கு உரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது உத்சர்க்க சமிதி. உடற்கழிவையும் உயிரில்லாத இடம் நோக்கி, பார்த்து விடுதல் அதன் இலக்கணம். முனிவர்க்கு முழுமையாக உரிய அவ்வொழுக்கத்தில் நமக்கும் ஒரு பங்கு இல்லையா?

நாம் விடுவது எது என்று சற்றுப் பார்ப்போம். கழிப்பறை ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி மூச்சுக்குழலை அரிக்கும். அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே படைவீரர்களை மூச்சுத் திணறச் செய்து கொன்றது இதே வாயுவே. இரண்டையும் கலந்தால் இன்னும் நன்றாக வெளுக்கும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். கதவு மூடிய சிறு குளியலறையில் அவ்வெண்ணம் உயிருக்கே உலை வைக்கும்.

அந்த ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பவர் யார்? பல இல்லங்களில் வேலைக்கு வரும் ஏழைத் தாய். கையுறையின்றி, குனிந்து, அந்த ஆவியை மூச்சில் வாங்குபவர் அவரே. நஞ்சும் ஆயுதமும் பிறர் கையில் கொடுப்பதை இம்சாதானம் என்று பெயரிட்டு, அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக நம் சிராவகாசார நூல்கள் விலக்கியுள்ளன. கூலியோடு ஆசிட் புட்டியையும் அத்தாயின் கையில் கொடுப்பது எதில் சேரும் என்பதை அவரவர் நெஞ்சமே சொல்லட்டும். எறும்பு கண்டு ஒதுங்கி நடக்கும் நமக்கு, ஐந்தறிவும் மனமும் உடைய மனித உயிரின் எரியும் கை கண்ணில் படாமல் போகலாமா?

வடிகாலில் இறங்கியதும் நஞ்சு மறைந்துவிடுவதில்லை. மலக்குழித் தொட்டியில் கழிவை மக்கச் செய்பவை எண்ணற்ற நுண்ணுயிர்களே. ஆசிட்டும் பினாயிலும் மிகுதியாகச் சேர்ந்தால் அவை மடியும். தொட்டி நாறும், விரைவில் நிரம்பும். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியை அடைவது திருமணிமுத்தாறு. நகரக் கழிவுநீரும் சாயக்கழிவும் கலந்து அதில் நுரை பொங்குவதை உழவர் பலமுறை கண்டு வருந்தியுள்ளனர். சாயப்பட்டறையை மட்டும் பழித்து நாம் ஒதுங்குவதற்கில்லை. நகரக் கழிவுநீர் என்பது வீடுகள் பலவற்றின் கழுநீரே அன்றோ!

ஆசிட் இல்லாமல் கறை போகாதே என்று சிராவகியர் கேட்பது நியாயமே. நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினநீர். குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளை உப்புப்படலம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அதனைக் கரைக்கப் புளிப்பு போதும். புளிக்கரைசலையோ, நீரில் கரைத்த எலுமிச்சை உப்பையோ பூசி, ஒரு மணி நேரம் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் படலம் இளகும். ஆசிட் நொடியில் செய்வதைப் புளி பொறுமையோடு செய்யும். குளித்தவுடன் சுவரையும் குழாயையும் துடைத்து உலர்த்தினால் படலமே ஏறாது. சலவைக்கல், மொசைக் தரைகளில் மட்டும் புளிப்புப் படலாகாது, அவை அரிக்கப்படும். புளிப்போடு சமையல் சோடாவைக் கலப்பதால் பயனில்லை. ஒன்றன் வலிமையை மற்றொன்று அழிக்கும். பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பையும் சேர்த்தலும் கூடாது.

பாத்திரத்திற்குச் சீயக்காயும், வீட்டில் கிடைத்தால் சாம்பலும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்தெடுத்தால் பாதி வேலை தீரும். பூசை விளக்கிற்கும் பித்தளைக் கலத்திற்கும் புளி நம் பாட்டியர் கண்ட முறை. தலைக்கு அரப்பு தேய்த்த ஊர் இது. உசிலை இலையை உலர்த்தி இடித்த அத்தூளின் நுரையை அறியாதார் இங்கு இலர். துணிக்குப் பூந்திக்கொட்டை உண்டு. விதை நீக்கிய தோலில் ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு லிட்டர் வடிகட்டிய நீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து வடித்தால் சலவைநீர் ஆயிற்று. துணிப்பெட்டியில் நாப்தலின் உருண்டைக்கு மாற்றாக உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் இடலாம். அவை பூச்சியை அண்டவிடாமல் விலக்குவன.

ஆயினும் இயற்கைப் பொருள் யாவும் அகிம்சைப் பொருள் என்று மயங்கற்க! பூந்திக்கொட்டையின் நுரைப்பொருள் மீனுக்கு நஞ்சு. அந்நீரைக் குளத்திலோ ஓடையிலோ விடலாகாது. மிக நீர்த்து மண்ணில் ஊற்ற வேண்டும். பழத்தோலையும் வெல்லத்தையும் மூன்று மாதம் நீரில் புளிக்கவைத்துச் செய்யும் துப்புரவுநீர் இந்நாளில் பரவி வருகிறது. புளிப்பில் எண்ணிறந்த உயிர் தோன்றி மாளும் என்பதால் அது நம் ஒழுக்கத்திற்கு ஒவ்வாது. கொதிநீரை அப்படியே சாக்கடையில் கொட்டுவதும் இம்சையே, ஆறவிட்டு ஊற்றுக. கொதிக்கவைத்த சலவைநீரையும் அன்றாடத் தேவைக்கு மட்டும் செய்க. தேங்கிய நீரில் மீண்டும் உயிர் தோன்றும்.

ஊரில் வயிற்றுப்போக்கு பரவும் காலத்தில் குடிநீர்த் தொட்டியில் அதிகாரிகள் அளவறிந்து இடும் குளோரினை நாம் மறுக்கவில்லை. மனித உயிர் காக்கும் தேவை வேறு. தரை பளபளக்க வேண்டும் என்னும் ஆசை வேறு.

தசலட்சண தருமங்களுள் ஒன்று உத்தம சௌசம். சௌசம் என்றால் தூய்மை. அத்தூய்மைக்கு நம் ஆசாரியர் கூறிய பொருளோ உலோபமின்மை. கண்ணாடிபோல் மின்னும் தரையை நாடி நஞ்சு வாங்குவதும் ஓர் ஆசையே. அழுக்கு நீங்கினால் போதும் என்று அமையும் மனமே சௌசத்தின் முதற்படி.

எனவே வரும் சாதுர்மாசிய நான்கு திங்களுக்கும் ஒரு நியமம் ஏற்போம். ஆசிட் புட்டியைப் புதிதாக வாங்குவதில்லை. வீட்டில் எஞ்சியிருப்பதைச் சாக்கடையில் கொட்டாமல், பிறருக்கும் கொடுக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைப்போம். வேலைக்கு வரும் தாய்க்குக் கையுறை வாங்கித் தருவோம். அவரோடு நாமும் ஒருநாள் புளியும் நாரும் எடுத்துக் குளியலறையைத் தேய்த்துப் பார்ப்போம். நான்கு திங்கள் பழகியது நாற்பது ஆண்டும் நிற்கும்.

வீட்டிற்குள் வரும் நீரை வடிகட்டுவோம். வெளியே செல்லும் நீரையும் உயிர் பொறுக்கும் நீராகவே அனுப்புவோம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!