மடி நீக்கித் தொண்டு செய்வோம்



"பஞ்சியாய்க் கிடக்குது" என்பது எமது ஊரில் நாளாந்தம் காதில் விழும் பேச்சு. பஞ்சி என்றும் சோம்பல் என்றும் நாம் கூறுவதைத் திருவள்ளுவர் 'மடி' என்றார். அதனை விலக்க வேண்டும் என்பதற்காகவே 'மடியின்மை' என 61 ஆவது அதிகாரத்தை வகுத்து, பத்துக் குறள்களை அருளினார்.

மடி என்னும் சொல் 'மடிதல்' என்பதோடு உறவுடையது. மடிதல் என்றால் மடங்குதல், சோர்ந்து வாடுதல், இறத்தல் என்றும் பொருளுண்டு. துணி மடிந்து கிடக்கிறது என்கிறோம். போரில் மடிந்தார் என்றும் சொல்கிறோம். நிமிர்ந்து நிற்க வேண்டிய மனம் மடங்கிக் கிடப்பதே மடி. அது விரியாமலே கிடந்தால் முடிவு அழிவுதான். ஒரே சொல்லுக்குள் நோயும் உண்டு, அதன் முடிவும் உண்டு.

குடியை ஒரு விளக்காகவும், மடியை அதன்மேல் படரும் மாசாகவும் வள்ளுவர் காட்டுகிறார். விளக்கிற் கரி ஒரே நாளிற் பிடிப்பதில்லை. இன்று துடைக்காமல் விட்டோம், நாளையும் விட்டோம். பின்னர் திரி எரிந்தும் வெளிச்சம் இல்லை. குடிக்குச் சொன்னது கோயிலுக்கும் பொருந்தும்.

"சும்மா இரு என்றுதானே பெரியோர் சொன்னார்கள்" எனச் சிலர் கேட்பதுண்டு. சும்மா இருத்தல் வேறு, மடி வேறு. முருகப்பெருமானிடம் அவ்வுபதேசம் பெற்ற அருணகிரிநாதர் தலந்தோறும் சென்று திருப்புகழ் பாடினார். எமது நாட்டுக் கதிர்காமத்தையும் திருக்கோணமலையையும் பாடியுள்ளார். சும்மா இருக்கச் சொன்ன கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் (1872–1964) 1935 இல் தொடங்குவித்த சஞ்சிகையின் பெயரோ 'சிவதொண்டன்'. அடங்க வேண்டியது 'நான்' என்னும் முனைப்பு. கையும் காலும் அல்ல.

இதற்குச் சான்றாக விளங்குபவர் சரியை நெறி நின்ற திருநாவுக்கரசு நாயனார். முதிர்ந்த வயதிலும் உழவாரம் ஏந்தித் திருவீதியிற் புல் செதுக்கினார். திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்திற் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றையும் கல்லோடு கல்லாகவே எண்ணி உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. அவருக்குப் பொன் பெரிதல்ல, பணியே பெரிது.

இன்று புலம்பெயர்ந்த எம் உறவுகள் மனமுவந்து பணம் அனுப்புகின்றனர். அதனால் எத்தனையோ ஊர்களிற் கோபுரங்கள் எழுகின்றன. அது பெரும் புண்ணியம். ஆனால் கூலிக்கு ஆள் பிடித்தே வீதி கூட்டுவதென்றால், ஊரவராகிய எமக்கு என்ன பங்கு? திருவலகிடலும், மெழுகலும், பூமாலை தொடுத்தலும் பிறர் எமக்காகச் செய்துவிடக்கூடிய காரியங்கள் அல்ல. பெரியவர்கள் குனிந்து கூட்டுவதைக் காணாத பிள்ளை, கோயிலைப் பார்வையிடும் இடமாகவே எண்ணி வளரும்.

ஆதலால் வெள்ளிக்கிழமை தோறும் பூசைக்கு அரைமணி முன்னதாக, வீட்டுக்கு ஒருவராவது விளக்குமாற்றுடன் வருவோம். பிள்ளைகளையும் கையிற் பிடித்து அழைத்து வருவோம். மடி நீங்கிய மனத்தை எம்பெருமான் எமக்கு அருள வேண்டுமென அவன் திருவடிகளைப் பணிந்து அமைகின்றேன்.

சுபம்.